சாமுவேலின் மீதிக் கதை

என் தம்பிக்குச் சாமுவேல் என்று பெயர் வைத்தபோது எனக்கு ஏழு வயது. அன்று வந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை.

திருவனந்தபுரத்தில் எங்கள் தமிழ்ச் சபையின் போதகர் ஞானஸ்நானத்தின்போது அந்த எபிரேயப் பெயருக்கு விளக்கம் சொன்னார். பிள்ளையில்லாத அன்னாள் ஆலயத்தில் அழுது ஜெபித்துப் பெற்ற மகன்; கர்த்தரிடம் கேட்டு வாங்கியவன். அம்மாவும் ஆறு வருஷம் அப்படித்தான் கேட்டாளாம். சபையே உச்சுக்கொட்டியது. அத்தனை வருஷமும் அந்த வீட்டில் சாப்பிட்டு, தூங்கி, பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேனே, அப்போது நான் யார்? பழவங்காடிக் கடையில் துணி எடுத்தால் கூடவே சும்மா கொடுக்கிற பையா?

மீதிக் கதை பிறகு ஞாயிறு பள்ளியில் கிடைத்தது. பால் மறந்ததும் அன்னாள் பிள்ளையைக் கொண்டுபோய் ஆலயத்திலேயே விட்டுவிட்டாள். கேட்டு வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதாக அவள் செய்த பொருத்தனை அது. இதை ஏன் அன்று ஒருவரும் சொல்லவில்லை? வாங்குகிற பாதியை வைத்துக்கொண்டு கொடுக்கிற பாதியை விழுங்கிவிட்டார்கள். எவ்வளவு அநியாயம்.

ஒன்றரை வயதில் அம்மா வேப்பிலை அரைத்துத் தடவி, தம்பிக்குப் பால் மறக்கடித்தாள். அடுத்த ஞாயிறே அவனுடைய சட்டைகள் இரண்டை என் பைக்குள் திணித்துக்கொண்டு போனேன். ஆராதனை முடிந்து எல்லோரும் வாசலில் நிற்கையில் பையைப் போதகரிடம் நீட்டினேன்.

"தம்பி பால் மறந்தாச்சு பாஸ்டர். இனி இங்கதானே நிக்கணும்?"

போதகர் வயிறு குலுங்கச் சிரித்தார். நாகர்கோவிலிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த அப்பாவின் அக்கா, என் மாமி, "இவளுக்க பொறாமையைக் கண்டோ" என்று சிரித்தாள். அம்மா மட்டும் தம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னை அடுக்களைக்குள் இழுத்தாள். அடி விழும் என்று நினைத்தேன், விழவில்லை.

"அப்போ என்னை ஆரு கேட்டா?" என்றேன்.

"உன்னைக் கேக்க வேண்டி வரல்ல மக்களே. நீயா வந்தே. அது போதும்னுதான் நான் இருந்தேன்," என்றாள். பிறகு முன்னறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "அவனைத்தான் என்னைக் கேக்க வச்சாங்க."

கேட்கவில்லை என்பது மட்டுமே என் காதில் விழுந்தது. யார் கேட்க வைத்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. என்னை ஒருவருக்கும் வேண்டாம் என்று அழுதபடி முன்னறைக்கு ஓடி, மாமியின் மடியில் விழுந்தேன். மாமி என் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"அழாதே பிள்ளே. ஆம்பிளைப் பிள்ளை இல்லாத வீடு ஒரு வீடா?"

சரிதான் என்று நானும் தலையாட்டினேன்.