பட்டர் பேப்பரின் மறுபக்கம்

நான் பரிமாற வந்தால் அப்பா தட்டை நகர்த்திவிடுவார். திட்ட மாட்டார், முறைக்கவும் மாட்டார். சோற்றுக் கரண்டி என் இடது கையில் இருப்பது கண்ணில் பட்டதும் தட்டு மட்டும் தரையில் ஒரு சாண் பின்னால் போகும். நான் கையை மாற்றினால் திரும்பி வரும். வலது கையில் எனக்குக் கரண்டி நிற்காது. பாதிச் சோறு தட்டுக்கு, மீதி செம்பூர் வீட்டு டைல்ஸுக்கு. பள்ளியில் மராத்தி டீச்சரே என் இடது கை எழுத்தைச் சகித்துக்கொண்டுவிட்டார். வீட்டில்தான் விடிவு இல்லை. ஒன்பது வயதில் எனக்கு இந்த உலகத்தோடு இருந்த ஒரே வழக்கு அதுதான்.

அந்தச் சமயத்தில்தான் தாராவியிலிருந்து ஒரு தகர டப்பா வந்தது.

அப்பா பிறந்து வளர்ந்தது அங்கே. தாத்தா அங்கே ஒரு தோல் கிடங்கில் வேலை பார்த்தார். அந்த முதலாளியிடம் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு சினிமா கேமரா இருந்ததாம். அப்பாவின் காதுகுத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு வந்து படம் பிடித்திருக்கிறார். பல வருஷம் கழித்து, பழைய வீட்டைக் காலி செய்யும்போது டப்பா கையில் கிடைத்ததும், முதலாளியின் மகன் தேடிப்பிடித்து எங்கள் வீட்டுக்கே வந்து கொடுத்தார்.

"உங்க உம்மா இதுல இருக்காங்கன்னு எங்க வாப்பா சொல்லுவாங்க," என்றார்.

அப்பா டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அப்பாவுக்குப் பேச்சு வருவதற்கு முன்பே அவருடைய அம்மா இறந்துபோனார். வீட்டில் ஒரே ஒரு ஸ்டூடியோ போட்டோ உண்டு. காகிதப் பூச்சாடிக்குப் பக்கத்தில் விறைத்துக்கொண்டு நிற்பார். அவரை ஆச்சி என்று சொல்ல எனக்கு வாய் வராது. போட்டோவில் அவருக்கு என் சித்தி வயதுதான்.

மூடியைத் திறந்தபோது வீடு முழுக்கப் புளித்த காடி வாடை. "என்னது, ஊறுகா டப்பாவா?" என்றாள் அம்மா. உள்ளே இருந்த ஃபிலிம் சுருள் ஓரமெல்லாம் நெளிந்து கிடந்தது. அப்பா அதை ஊருக்குள் மூன்று கடைகளுக்குத் தூக்கிக்கொண்டு போனார். எல்லா இடத்திலும் ஒரே பதில்: சுருங்கிவிட்டது, மெஷினில் போட்டால் கிழியும், கிழிந்தால் எங்களைக் கேட்கக் கூடாது. அப்பா டப்பாவைச் சாமி அலமாரியில் விபூதிக்குப் பக்கத்தில் வைத்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முடியவிடாதவள் சித்தி. அம்மாவின் தங்கை. தாணேயில் மின்சார மீட்டர் செய்யும் கம்பெனியில் இன்ஜினியர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்கள் மிக்ஸியையாவது அயர்ன் பாக்ஸையாவது பிரித்துப் போடாமல் போக மாட்டாள். அவள் சுருளை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தாள்.

"இது சினிமாவே இல்ல அத்தான். சின்னச் சின்ன போட்டோவ வரிசையா ஒட்டியிருக்கு, அவ்வளவுதான். வேகமா ஓட்டினாத்தான கிழியும்? நாம ஒவ்வொண்ணா தள்ளுவோம்."

"கிழிஞ்சா?"

"அலமாரியில கெடந்தாலும் இது பிழைக்காது. வாடையப் பாத்தீங்கள்ல?"

 அடுத்த ஞாயிறு சாமி அலமாரியைத் திறந்து டப்பாவை எடுத்துவைத்தது அவர்தான்.

சித்தி செய்த மெஷினை நான் இன்றைக்கும் மனதில் பிரித்துப் பிரித்துப் பூட்டுவேன். சோர் பஜாரில் ஒரு பழைய புரொஜெக்டர் வாங்கினாள். மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்ற ஒரு பிடி வைத்தாள். பழைய பல்பின் சூட்டில் ஃபிலிம் பொசுங்கும் என்று டார்ச் லைட்டின் எல்.இ.டி.யை உள்ளே வைத்தாள். பிறகுதான் அந்த மூளை வேலை. ஒரு கம்ப்யூட்டர் மவுஸைப் பிளந்து, பிடி ஒரு சுற்று சுற்றினால் மவுஸின் பொத்தானை ஒரு தட்டுத் தட்டுகிற மாதிரிக் கட்டினாள். ஒரு தட்டுக்கு லேப்டாப் ஒரு படம் எடுக்கும். செருப்புப் பெட்டியில் ஓட்டை போட்டுத் திரை மாதிரிப் பட்டர் பேப்பர் ஒட்டி, அதற்கு இந்தப் பக்கம் புரொஜெக்டர், அந்தப் பக்கம் வெப்கேம். இப்போது நானே கேமரா, லென்ஸ் என்று அலைகிறவள். விலை உயர்ந்த ஸ்கேனர்களையெல்லாம் பார்த்துவிட்டேன். எதைப் பார்த்தாலும் அந்தச் செருப்புப் பெட்டிதான் முன்னால் வந்து நிற்கிறது.

சுருள் ஆடக் கூடாது என்று மே மாத வெயிலில் ஃபேனை நிறுத்தினாள் சித்தி. டிக், டிக், டிக். வேர்வை மூக்கு நுனியில் நின்று சொட்டப் பார்க்கும். தலையை ஒதுக்கிக்கொண்டு சுற்றுவாள். துண்டு துண்டாகப் பார்க்க வேண்டாம் என்று லேப்டாப்பின் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்துவிட்டு அப்பா பால்கனிக்குப் போய்விட்டார். நடுவில் டிக் சத்தம் நின்றது. ஃபிலிமின் ஓர ஓட்டைகள் கிழிந்து சுருள் நழுவிவிட்டது. அப்பா திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் அவர் கை பால்கனிக் கம்பியைப் பிடித்திருந்த விதம் எனக்குத் தெரிந்தது. சித்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தள்ளிக் கிழிசலைத் தாண்டினாள். டிக் மறுபடி கேட்டபோது பால்கனியில் யாரோ இருமினார்கள்.

வெளிச்சம் மங்கும்போது வேலை முடிந்தது. படங்களையெல்லாம் கோத்து சித்தி ஓடவிட்டாள். நாங்கள் நாலு பேரும் லேப்டாப்பின் முன்னால் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம்.

நிறமெல்லாம் வெளிறி ரோஜாப்பூ நிறத்தில் ஒரு சந்து. பந்தல். இரண்டு வரிசையாக ஆட்கள் இலை முன்னால் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அத்தனை பேரும் இடது கையால்.

"என்ன கண்றாவி இது," என்றாள் அம்மா. "அம்புட்டு பேரும் நொட்டாங்கையில சாப்பிடுதாவ."

நான் குதித்தேன். வழக்கு ஜெயித்துவிட்டது, பரம்பரையே என் பக்கம். அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் காதில் எதுவும் விழவில்லை. ஏனென்றால் திரையில் அவருடைய அம்மா வந்துவிட்டார்.

யார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சோற்றுக் கூடையோடு, பாதி நடையும் பாதி ஓட்டமுமாக ஒரு பெண். வலது கையால் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். வரிசைக் கடைசியில் மீசைக்காரக் கிழவர் ஒருவர் அவரைப் பார்த்துக் கையை உதறி ஏதோ அதட்டினார். அந்தப் பெண் உடனே தலையைக் குனிந்துகொண்டு கரண்டியை இடது கைக்கு மாற்றினார். சோறு இலைக்கு வெளியே விழுந்தது. அடுத்த இலை. அதற்கு அடுத்த இலை. திரும்பிப் பார்த்தார். கிழவர் சாப்பாட்டில் இறங்கிவிட்டார். கரண்டி மறுபடி வலது கைக்கு வந்தது. கேமராவை நேராகப் பார்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஒழுங்காத்தான போடுதா," என்றார் அப்பா. "அந்தக் கெழவன் எதுக்கு அவளப் போட்டு அதட்டுதான்?" பார்த்த நினைவே இல்லாத அம்மாவுக்காக அப்பா சண்டைக்கு நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

சித்தி திரைக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனாள். "அக்கா, முந்தானையப் பாரு. எல்லாருக்கும் குஜராத்திக் கட்டு மாதிரி வலது தோள்ல கெடக்கு. தாராவியில எந்த குஜராத்திக்காரங்க நம்ம அத்தானுக்குக் காது குத்தினாங்க?" பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அரே, நான் ஒரு லூசு. வெப்கேம் பட்டர் பேப்பருக்குப் பின்னால இருந்துல்லா பாத்துச்சு. கடைக் கண்ணாடியில எழுதினத உள்ள இருந்து படிச்ச மாதிரி. எல்லாம் எடம் வலமா விழுந்திருக்கு."

திருப்பிப்போட ஒரு க்ளிக் போதுமாம். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "மாத்தாதீங்க சித்தி."

"போடி. அப்புறம் ஒங்கப்பாவுக்கு எந்தக் காத மொதல்ல குத்தினாவன்னே தெரியாமப் போயிரும்."

க்ளிக். சந்து தலைகீழாகாமல் பக்கம் மாறியது. பந்தியில் எல்லோரும் நல்ல பிள்ளைகளாக வலது கையால் சாப்பிட்டார்கள். என் பரம்பரை ஒரு நொடியில் கட்சி மாறிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மா ஏதோ சொல்ல ஆரம்பித்து நடுவில் நிறுத்தியது கேட்டுத்தான் மறுபடி பார்த்தேன்.

அந்தப் பெண் இடது கையால் சோறு போட்டுக்கொண்டு வந்தார். கிழவர் அதட்டினார். கரண்டி வலது கைக்குப் போனது, சோறு சிந்தியது. கிழவர் குனிந்ததும் இடது கைக்குத் திரும்பி வந்தது. அந்தச் சிரிப்பு.

"இன்னொரு தரம் போடு, பிள்ள," என்றார் அப்பா. சித்தி போட்டாள். இன்னொரு தரம். யாரும் கையைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு வாயெல்லாம் துறுதுறுத்தது. சாட்சி கிடைத்துவிட்டதே. அம்மா என் தலைமேல் கையை வைத்து லேசாக அழுத்தினாள்.

சாப்பிட உட்கார்ந்தபோது கரண்டியை நானே எடுத்தேன். வேண்டுமென்றே இடது கையில். அப்பாவின் முன்னால் போய் நின்று தட்டையே பார்த்தேன். தட்டு நகரவில்லை. சோறு போட்டேன், ஒரு பருக்கை சிந்தவில்லை. அவர் தட்டைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம்," என்றார். போட்டேன். பிசைந்து ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் போடு, தாயி."

மூன்றாம் தடவை கேட்டபோது பாத்திரத்தின் அடியில் கரண்டி தட்டியது. சித்தி தன் தட்டில் இன்னும் தொடாமல் இருந்த சோற்றைப் பாத்திரத்தில் கவிழ்த்து என் பக்கம் தள்ளினாள். நான் அதையும் அள்ளி அப்பாவுக்குப் போட்டேன்.

நாள் முழுக்கப் பிடியைச் சுற்றிய சித்திக்குப் பசியே இல்லை, பால்கனியில் சும்மா நின்ற அப்பாவுக்கு இவ்வளவு பசி. பெரியவர்களின் வயிறு விசித்திரமானது என்று நினைத்துக்கொண்டேன்.