ஆட்டுக்கும் நமக்கும் ஒரே பாட்டன்

பத்தாம் வகுப்பு அறிவியலில் பரிணாமம் என்று ஒரு பாடம் உண்டு. எங்கள் திண்டுக்கல் பக்கம் அதை நடத்துவதற்கென்றே ஒரு வழக்கம் இருந்தது. நான் மாணவியாக இருந்தபோது எங்கள் கான்வென்ட் சிஸ்டர் கரும்பலகையில் ஒட்டகச்சிவிங்கியை அழகாக வரைந்தார். வரைந்து முடித்துத் திரும்பி, "இது பரீட்சைக்கு மட்டுந்தான் பிள்ளைகளா, வீட்டுல போய்ப் பேசாதீங்க" என்றார். நாங்களும் விடைத்தாளின் தலையில் சிலர் சிலுவையும் சிலர் பிள்ளையார் சுழியும் போட்டு, மனிதன் தோன்றிய கதையை மனப்பாடமாக எழுதி மார்க் வாங்கினோம்.

நான் டீச்சராகி வந்த பிறகும் அதே கூத்துதான். "இதுக்குப் போயி ஏன் மெனக்கெடுற, சாய்ஸ்ல விட்டுரலாம்" என்பார் ஸ்டாஃப் ரூமில் ஒரு மூத்த டீச்சர். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். செல், மரபு, எலும்பு என்று வருஷம் முழுக்கக் கத்துகிறோமே, எல்லாம் வந்து சேருகிற இடம் இதுதானே? நடத்தினால் முழுசாகத்தான் நடத்துவேன் என்று வீம்பாகவே இருந்தேன். பரீட்சைக்கு மட்டும் என்கிற அந்த வார்த்தை என் வாயில் வரவே கூடாது.

போன வருஷம் ஆட்டின் முன்னங்கால், வௌவால் இறக்கை, நம் கை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து எலும்புகளைக் காட்டினேன். "ரொம்பப் பின்னாடி போனா ஆட்டுக்கும் நமக்கும் ஒரே பாட்டன்" என்றேன். "அப்ப பங்காளியத்தான் பிரியாணி போடுறமா டீச்சர்?" என்றது ஒரு வாலு. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு மாணவியின் அப்பா வந்தார். பூ விவசாயி; வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். மார்க்கெட்டில் பூவைப் போட்டுவிட்டு நேராகப் பள்ளிக்கூடம் வந்திருந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். "அய்யா, ஒங்க சபைப் பெரியவங்களே இதைத் தப்புன்னு சொல்லலை" என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது டீச்சர். பிள்ளையோட அம்மா தவறி ஒரு வருசம் ஆச்சு. அம்மா மோட்சத்துல இருக்குன்னு சொல்லித்தான் பிள்ளையத் தேத்தி வச்சிருக்கேன். நேத்துக் கேக்குறா, ஆட்டுக்கும் நமக்கும் ஒரே பாட்டன்னா, ஆடு செத்தா எங்க போகுமோ அங்கதானப்பா அம்மாவும் போயிருக்கும்னு. எனக்குச் சோறு எறங்கல."

பாவம், அந்த மனுஷனிடமா நான் மல்லுக்கு நின்றேன்!

"இது பரீட்சைக்கு மட்டுந்தான்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. நீங்க சொன்னாக் கேப்பா. இல்லாட்டி பதினொண்ணாப்புல அவளுக்கு இந்தப் பாடமே வேண்டாம், காமர்ஸ்ல சேத்துருவேன்."

அவரை வேப்பமரத்தடியில் உட்காரச் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் அவருக்கு ராத்திரி தூக்கம் வரும். இத்தனை வருஷ வீம்பு பெரிதா, இந்தத் தூக்கம் பெரிதா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பிள்ளையை வராந்தாவுக்கு அழைத்து, "அப்பாகிட்ட என்னம்மா கேட்ட?" என்றேன்.

"கேட்டது தப்பா டீச்சர்? அப்பா அழுதுட்டாரு. அதுக்கப்புறம் நான் கேக்கல."

"நீ என்ன நினைக்கிற?"

"அம்மா எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல டீச்சர். ஆனா ஏன் போச்சுன்னு தெரியணும். ஆஸ்பத்திரியில கிட்னி கெட்டுப்போச்சுன்னாங்க, அம்புட்டுதான். ஏன் கெட்டுச்சுன்னு யாருமே சொல்லல. அதுக்குத்தான் பயாலஜி குரூப்பு கேக்குறேன். அப்பாகிட்டச் சொன்னா மறுபடி அழுவாரு."

எனக்கே கண் கலங்கிவிட்டது. அவளை வகுப்புக்குள் அனுப்பிவிட்டு மரத்தடிக்கு வந்தேன். என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றார்.

"அந்த வார்த்தைய நான் சொல்லலைங்கய்யா" என்றேன். அவர் முகம் செத்துவிட்டது. பிள்ளை எதற்காக அந்தக் குரூப்பைக் கேட்கிறாள் என்று, அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். இடைவேளை மணி அடித்துப் பிள்ளைகள் எங்களைச் சுற்றி ஓடின. துண்டை எடுக்காமலே பேசினார்.

"அது எனக்குந்தான் தெரியணும் டீச்சர். படிக்கட்டும்."