திறப்பு விழாவுக்காகக் காத்திருந்த கழுவுதளம்

மழைநீர் வடிகாலை அசுத்தப்படுத்துகிறவர்கள் யார் யார் என்று பட்டியல் எடுப்பதுதான் நகராட்சியில் எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை. வெளிநாட்டுக் கடனில் வந்த திட்டம் அது. ரோடும் பஸ் ஸ்டாண்டும் கட்டிக்கொள்ளுங்கள், ஆனால் மழைத்தண்ணீர் ஊரைவிட்டுச் சுத்தமாகப் போகவேண்டும் என்று கடன் கொடுத்தவர்கள் நிபந்தனை போட்டிருந்தார்கள். அந்த நிபந்தனைக்கு ஒரு ஒப்பந்தப் பொறியாளர் தேவைப்பட்டார். தஞ்சாவூரில் என்னோடு சிவில் படித்தவர்களில் பாதிப் பேர் சென்னையில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு அமெரிக்காவுக்குக் காத்திருந்தார்கள். மீதிப் பேர் சிங்கப்பூரில் கட்டடம் கட்டப் போய்விட்டார்கள். நான் திருத்துறைப்பூண்டி பஸ் இரண்டு நிமிடம் நின்று போகிற எங்கள் ஊரில், அளவு நாடாவும் கையுமாகச் சாக்கடை ஓரம் நடந்துகொண்டிருந்தேன்.

பட்டியலில் என்ன வரவேண்டும் என்பதில் நகர்மன்றத் தலைவருக்குச் சந்தேகமே இல்லை.

"எழுதிக்கம்மா. பரோட்டாக் கடை, கறிக்கடை, சலூன். ஜனங்களுக்குப் பொறுப்பே இல்ல."

ஊரைச் சுற்றிவந்து எழுதினேன். பரோட்டாக் கடை நான்காவதாக வந்தது. முதல் மூன்று இடங்களையும் நாங்களே வைத்திருந்தோம்.

எங்கள் ஆட்கள் வடிகாலைத் தூர் வாரினார்கள். வாரிய சேற்றை வடிகாலின் விளிம்பிலேயே குவித்தார்கள். அதிகாரி வந்து அளந்தால்தான் ஒப்பந்தக்காரருக்குப் பில். அதிகாரி வருவதற்குள் மழை வந்து சேற்றைத் திரும்ப வடிகாலுக்குள் வைத்துவிட்டுப் போகும். அதை மறுபடியும் வாருவோம். தெருவைப் பெருக்கியவர்கள் குப்பையை எல்லாம் வடிகால் வாய்க்குத் தள்ளினார்கள். கேட்டால், அதுதான் கிட்டத்தில் இருக்கிறது என்றார்கள். பெரிய மனிதர்கள் வருகிற நாட்களில் சாலையின் இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடரால் கோடு போட்டோம். சுகாதாரம் என்பது எங்கள் ஊரில் ஒரு நிறம். மழை பெய்தால் அந்த நிறமும் வடிகாலுக்குத்தான் போகும்.

எல்லாவற்றுக்கும் மேலே வண்டி கழுவுவது. நகராட்சியின் குப்பை லாரிகள், தண்ணீர் லாரி, ஜீப் எல்லாவற்றையும் எங்கள் வண்டிக் கொட்டகைக்குப் பின்னால், ஊர் வடிகால் பாசன வாய்க்காலில் விழுகிற இடத்தில் இறக்கிக் கழுவினார்கள். சாதாரண நாட்களில் தண்ணீரால். ஆயுத பூஜைக்கு முன்னால் மட்டும் டீசலும் பிரஷ்ஷும் வைத்து, சேசிஸில் ஒட்டிய கிரீஸ் முழுவதும் கரைகிற வரை. சாமிக்கு முன்னால் வண்டி அழுக்காக நிற்கக்கூடாது. வாய்க்கால் எப்படி நின்றாலும் சாமி ஒன்றும் சொல்லாது போலிருக்கிறது. அந்தக் கரைக்கு மேலே சுவரில், "நீர்நிலைகளைக் காப்போம்" என்று எழுதியிருந்தது. எழுதிய ஓவியர் பிரஷ்ஷை எங்கே கழுவினார் என்று நான் விசாரிக்கவில்லை.

வாய்க்காலில் அந்த இடத்துக்குக் கீழே முதல் வயல் ஒரு அக்காவுடையது. அவருடைய கணவர் சிங்கப்பூரில் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். விவசாயம் முழுவதும் அக்கா கையில். நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களில் அலுவலகத்துக்கு வந்தார். யாரைப் பார்க்கவேண்டும் என்று கேட்ட பியூனிடம், "யாரு ஒக்காந்து கேப்பாங்களோ அவங்கள" என்றார். என்னிடம் அனுப்பிவிட்டார்கள்.

"நீங்கதான் தண்ணி சுத்தம் பண்ண வந்த இன்ஜினியரா?"

"ஆமாங்கக்கா."

"போன வருசம் ஒங்க லாரிக்குப் பூசை. எனக்குக் கருமாதி. நாத்தங்கால் பூரா வானவில்லு மாதிரி எண்ணெ படிஞ்சு, பயிரு கருகிப் போச்சு. வெளியில நாத்து வாங்கி நட்டு, நட்டது மழையில முழுவிப் போச்சு. இந்த வருசம் ஆத்துல தண்ணியே லேட்டு. குறுவை இல்ல. இப்பத்தான் சம்பாவுக்கு விதை விட்டிருக்கேன். இதும் போச்சுன்னா மறுபடி நாத்து விட நாளு கெடையாது. தை மாசம் எங்க வீட்டுல ரேசன் அரிசிதான்."

"இந்த வருஷம் வராதுக்கா. வண்டி கழுவுறதுக்குத் தளம் கட்டிட்டோம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கட்டுறது யாரு வேணா கட்டலாம் தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தளம் உண்மையிலேயே கட்டியாகிவிட்டது. கொட்டகை முற்றத்தில் லாரி ஏறி நிற்கிற சரிவான சிமெண்ட் மேடை. கழுவுகிற தண்ணீர் ஓடிச் சேருவதற்கு மூன்று அறைகள் கொண்ட தொட்டி. எண்ணெய் மேலே மிதந்து முதல் அறையில் நின்றுவிடும், சேறு அடியில் தங்கிவிடும், தெளிந்த தண்ணீர் மட்டும் வெளியே போகும். மிதக்கிற எண்ணெயை வழித்து ஊற்றி வைக்க மூடியோடு இரண்டு டிரம். என் வாழ்க்கையில் நான் வரைந்து, வரைந்தபடியே கட்டப்பட்ட முதல் பொருள் அது.

ஆனால் அதில் வண்டி ஏறக்கூடாது. ஏனென்றால் மந்திரி வந்து திறக்கவில்லை. திறப்பு விழாவை ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வைத்திருந்தார்கள். விழாவன்று எல்லா வண்டிகளும் பளபளவென்று வரிசையில் நிற்கவேண்டும் என்று தலைவரின் உத்தரவு. அப்படியானால் வண்டிகளை அதற்கு முன்பே எங்கே கழுவுவது? வாய்க்காலில். வாய்க்காலில் வண்டி கழுவாமல் இருப்பதற்கான தளத்தைத் திறப்பதற்காக வண்டிகளை வாய்க்காலில் கழுவுவதாகத் தீர்மானம். இதைத் தலைவரிடம் எடுத்துச் சொன்னேன்.

"அதுக்கு? மந்திரி வர்றதுக்கு முன்னாடி நாமளே பொழங்கிட்டா, அவரு எதத் தொறப்பாரு? சாந்தி முகூர்த்தத்துக்கு அப்பறம் தாலி கட்டச் சொல்ற மாதிரி இருக்கு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தளத்தின் விதிமுறை, கடன்காரர்களின் நிபந்தனை என்று நான் கைவசம் வைத்திருந்த காரணங்கள் எல்லாம் அந்தச் சிரிப்பில் போய்விட்டன. அப்போதுதான் தோன்றியது.

"ஐயா, புதுத் தேர் செஞ்சா நேரா திருவிழாவுலயா இழுக்கிறாங்க? வெள்ளோட்டம் விட்டுத்தானே பாக்குறாங்க. மந்திரி முன்னாடி தண்ணி தேங்கி நின்னுடுச்சுன்னா?"

தலைவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அடடே. வெள்ளோட்டம். அத மொதல்லயே சொல்றதுக்கென்னம்மா?"

எண்ணெய் படிந்த நாற்றங்காலுக்கு அசையாத நிர்வாகம் தேருக்கு அசைந்தது. வெள்ளோட்டத்துக்குப் பூசணிக்காய் உடைத்தார்கள். குப்பை லாரி ஓட்டுநர் வேளாங்கண்ணி மாதா படத்துக்குக் கீழே சந்தனம் வைத்து, நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கி மேடையில் ஏற்றினார். டீசல் வைத்துத் தேய்த்தார்கள். ஒவ்வொரு வண்டியாக ஏறி இறங்கியது. முதல் அறையில் கறுப்பாக எண்ணெய் திரண்டு நிற்க, மூன்றாவது அறையிலிருந்து தண்ணீர் தண்ணீராகவே போயிற்று. குனிந்து குனிந்து பார்த்தேன்.

"மேடம், வுழுந்துடப் போறீங்க" என்றார் ஓட்டுநர். "எண்ணெயப் பாத்து இவ்ளோ சந்தோசப்படுறது நீங்களும் பெட்ரோல் பங்க் காரரும்தான்."

விழாவுக்கு முந்தின நாள் காலையில் தலைவர் பார்வையிட வந்தார். கல்வெட்டில் தன் பெயரின் எழுத்தளவைச் சரிபார்த்தார். பிறகு தொட்டியை எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்னம்மா இது, அசிங்கமா இருக்கு? மந்திரி பாத்தா என்ன நெனப்பாரு? சுத்தமா இருக்கணும்."

தொட்டி அசிங்கமாக இருப்பதுதான் அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் என்று விளக்கினேன். "விழா முடிஞ்சு வேல செய்யட்டும்" என்றார். ஓட்டுநரைக் கூப்பிட்டு, எண்ணெயை வழித்து டிரம்மில் ஊற்றி மூடச் சொன்னேன். தஞ்சாவூரிலிருந்து பழைய எண்ணெய் வாங்குகிறவர் வந்து எடுத்துக்கொள்வார் என்றும் சொன்னேன். ஓட்டுநர் தலையை ஆட்டினார். தலைவர் என்னை அழைப்பிதழ்க் கட்டோடு தாலுகா ஆபீசுக்கு அனுப்பிவிட்டார்.

மத்தியானம் திரும்பினேன். கொட்டகை வாசலில் குலை தள்ளிய வாழைமரங்கள் இரண்டு பக்கமும் நின்றன. நன்றாகத்தான் இருந்தது. மரம் சாயாமல் இருக்க மணல் கொட்டி எதற்குள் நட்டிருக்கிறார்கள் என்று அப்புறம்தான் பார்த்தேன். என் டிரம்கள். பச்சையும் சிவப்புமாக ஜிகினாத் தாள் சுற்றியிருந்தார்கள்.

தொட்டிக்கு ஓடினேன். மூன்று அறையும் அலம்பிவிட்ட வெண்கலப் பாத்திரம் போல இருந்தன.

"பாருங்க மேடம், மொகம் தெரியுது" என்றார் ஓட்டுநர்.

"எண்ணெய்?"

"டிரம்முலதான் வாழமரம் வச்சிட்டாங்களே. எடுக்கலாமான்னு கேட்டேன். மங்கலகரமானது, தொடாதங்கிறாங்க."

"எண்ணெய் எங்கண்ணே?"

அவர் வாய்க்கால் பக்கம் திரும்பிப் பார்த்தார். முன்பெல்லாம் ஒவ்வொரு வண்டியாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது, இந்த முறை என் தொட்டியின் புண்ணியத்தில் சேர்த்து வைத்து ஒரே நேரத்தில் போயிருந்தது.

அலுவலக சைக்கிளை எடுத்துக்கொண்டு கரையோடு மிதித்தேன். தண்ணீர் மேல் கறுப்பாக, நடுவில் ஊதாவும் பச்சையுமாக, என்னைவிட முன்னால் போய்க்கொண்டிருந்தது. அக்காவிடம் என்ன சொல்வது என்று வரிசைப்படுத்திப் பார்த்தேன். ஒன்றுகூட உருப்படியாக இல்லை.

அக்கா வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் பிரிகிற வாய்மடையில் மண் மூட்டைகள் அடுக்கி, இடுக்கில் களிமண் அப்பி இறுக அடைத்திருந்தது. எண்ணெய் அந்த மூட்டைகளை உரசிக்கொண்டு கீழே போயிற்று. உள்ளே நாற்று முழங்கை உயரத்துக்குக் கொஞ்சம் வெளிறி நின்றது.

"எப்ப அடைச்சீங்க?" மூச்சு வாங்கியது எனக்கு.

"காலையில மைக்செட்டு கட்டுற சத்தம் கேட்டுச்சு. ஒங்க ஆபீசுல விழான்னா நான் மொதல்ல மடையத்தான் அடைப்பேன்."

"நான் வராதுன்னு சொன்னேனேக்கா."

"சொன்ன. நல்ல புள்ளதான் நீ. அதுக்காவ நாத்த ஒன்ன நம்பி வுட முடியுமா?" எழுந்து மூட்டையைக் காலால் அமுக்கினார். "பக்கத்து வயல் போர்செட்டுக்காரன்கிட்ட நாளைக்கு ஒருபொழுது தண்ணி கேட்டிருக்கேன். அதுக்கு மேல தர மாட்டான். நாத்து தாங்காது. மந்திரி போனப்பறந்தான் மடையத் தொறப்பேன். எப்பப் போவாரு?"

"காலையில பத்து மணிக்கு விழா."

"பத்து மணிக்குன்னு அவரு சொன்னாரா, நீங்க சொன்னீங்களா?"

ஒரு மூட்டை லேசாகக் கசிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். தலைவர் பார்வையிட வருகிறார் என்று காலையில் இஸ்திரி போட்ட சுடிதார். இரண்டு பேருமாகக் களிமண் அள்ளி அப்பினோம்.

"எனக்குக் கீழ எத்தன வயலுன்னு தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியும். கடைமடை வரைக்கும் என் வரைபடத்தில் இருந்தது. அந்த வயல்காரர்களில் யாருக்கு மைக்செட் சத்தம் கேட்டிருக்கும் என்று மட்டும் அதில் இல்லை.

மறுநாள் மந்திரி வெயில் தாழ்ந்து வந்தார். நாடா வெட்டினார், வாழைமரங்களுக்கு நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டார். சுற்றுச்சூழலைப் பற்றி நல்ல வார்த்தைகள் சொன்னார். தொட்டியை எட்டிப் பார்க்கவே இல்லை. கார் கிளம்பியதும் தலைவர் என்னைத் தேடியதாகப் பிறகு சொன்னார்கள். நான் அதற்குள் கரையில் பாதி தூரம் போயிருந்தேன்.

"போயிட்டாருக்கா!"

அக்கா ஒரு மூட்டையை மட்டும் இழுத்து எடுத்தார். தண்ணீர் முதலில் களிமண் நிறத்தில் வந்தது, பிறகு தெளிந்தது. குனிந்து ஒரு கை அள்ளி மோந்து பார்த்தார். கையை உதறிவிட்டு இரண்டாவது மூட்டைக்குக் குனிந்தார். அதன் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன்.