தம்பியின் குரல் இருந்த இடம்

போன வருஷம் ஆடி மாதம், எங்கள் ஊர் ஆரணியில் நடந்தது இது. ஆடியில்தான் எங்கள் ஊர்ப் பட்டுக் கடைகள் கொஞ்சம் மூச்சு விடும். ஆவணி பிறந்துவிட்டால் கல்யாண ஜவுளி எடுக்க வந்தவாசி, செய்யாறு, போளூர் என்று நாலா பக்கமிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். அந்த ஆவணிக்குள் என் தம்பிக்கு ஒரு குரல் செய்து கொடுத்துவிட வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன்.

குரலைச் செய்வதா, இது என்ன கூத்து என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

என் தம்பி பட்டுக் கடையில் சேல்ஸ்மேன். வாய்தான் அவனுக்கு முதல். "பொடவை வாங்கறது அப்பால இருக்கட்டும்கா, மொதல்ல உக்காந்து தண்ணி குடிங்க" என்று ஆரம்பிப்பான். சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர்கள் கை நிறையப் பையோடு படியிறங்குவார்கள். முறைத்துக்கொண்டு வந்த சம்பந்திகளைச் சிரிக்க வைத்து அனுப்புவான். வீட்டுக்கு வந்தாலும் அதே பேச்சுதான். "கொஞ்ச நேரம் வாயை மூட மாட்டியாடா நீ?" என்று எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். இப்போது அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

பீடி, சிகரெட் தொடாதவன். தொண்டை கரகரவென்று இருந்தது. கத்திக் கத்திப் பேசுகிறவன்தானே என்று மிளகுப் பால் கொடுத்தோம். சரியாகவில்லை. வேலூருக்கு அழைத்துப் போனோம். புற்று, குரல்வளையையே எடுத்தாக வேண்டும், நாள் கடத்தக் கூடாது என்றார் டாக்டர். உயிர் தப்பினால் போதும் என்று நானும் அவன் மனைவியும் கும்பிட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டோம். குரலைப் பற்றி அந்த நேரத்தில் யாருக்கு நினைப்பு இருக்கும்? கண் விழித்ததும் அவன் என்னைப் பார்த்து வாயை அசைத்தான். கழுத்தில் போட்டிருந்த துளை வழியாகக் காற்றுதான் வந்தது.

கடை முதலாளி நல்ல மனிதர். வேலையை விட்டு நிறுத்தவில்லை. முன்னால் உட்கார்ந்து விற்றவனைப் பின்னால் உட்கார்ந்து புடவை மடிக்கச் சொன்னார். அவனுக்கு அதுதான் தாங்கவில்லை. போனில் டைப் அடித்தால் பேசுகிற ஒரு ஆப்பை நான் போட்டுக் கொடுத்தேன். ஒரு நாள் தைரியமாக முன்னால் வந்து, வந்தவாசியிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு "இன்னாக்கா, ஜல்தி ஜல்தியா பாக்கறீங்க, நிதானமா பாருங்க" என்று டைப் அடித்தான். போன் அதை டி.வி.யில் செய்தி வாசிக்கும் பெண் மாதிரி, எழுத்து எழுத்தாக வாசித்தது. அவர்கள் வேண்டுமென்று சிரிக்கவில்லை, பாவம். யாராக இருந்தாலும் சிரிப்பு வந்திருக்கும். அவன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பின்னால் போய்விட்டான். அப்புறம் அந்த ஆப்பை அவன் திறக்கவே இல்லை.

நான் சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு ஆரணியில் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை செய்கிறேன். ஊர் ஊராக மக்கள் பேசுவதைப் பதிவு செய்து சேர்த்து வைப்பதுதான் எங்கள் கம்பெனியின் வேலை. அறுவை சிகிச்சைக்கு முந்தின வருஷம் எங்கள் பக்கத்துப் பேச்சு வேண்டும் என்றார்கள். நான் தெருவில் எல்லோருக்கும் லிங்க் அனுப்பினேன். என் தம்பி சும்மா இருப்பானா? நாள்கணக்கில் உட்கார்ந்து பேசிக் கொடுத்தான்.

இது எனக்கு ஞாபகம் வந்ததே ஆடி மாதத்தில்தான். உடனே என் டீம் லீடரைக் கூப்பிட்டேன். மற்றபடி எங்களிடம் அவன் குரலாக இருந்ததெல்லாம் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜில் "சரிக்கா", "வரேன்க்கா" என்று இரண்டொரு வார்த்தைகள்தான். அவன் போன் போட்டுப் பேசுகிற ஆள், குரலை அனுப்பி வைக்கிற ஆள் இல்லை. லீடர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க தம்பி சம்மதம்னு எழுதிக் குடுக்கட்டும். அந்தப் பதிவு மட்டும் கிடைச்சா அவர் குரல்லயே போன் பேசற மாதிரி நானே செஞ்சு தரேன்" என்றார். தம்பி எழுதிக் கொடுத்தான். கையெழுத்துப் போடும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இனி என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் பதிவுகள் எல்லாம் கிளவுடில் இருக்கின்றன. ஒரே குவியலாகக் கொட்டி வைத்தால் எதையும் தேட முடியாது. அதனால் மொழி, மாவட்டம், பேசியவருக்குக் கம்பெனி கொடுத்த எண், தரம் என்று பகுதி பகுதியாகப் பிரித்து வைப்போம். பார்ட்டிஷன் என்று சொல்வோம். எந்தப் பார்ட்டிஷன் எங்கே இருக்கிறது என்று சொல்வதற்குக் கேட்டலாக் என்று தனியாக ஒன்று உண்டு. எந்த அலமாரியில் எந்த ரகம் என்று மட்டும் தெரிந்த கடை ஆள் மாதிரி அது. அலமாரியைத் திறந்து பார்க்கிற வேலை அதனுடையது இல்லை. நான் நாலு வரி புரோகிராம் எழுதிக் கேட்டால் இடத்தைச் சொல்லும்.

தம்பி போனிலிருந்த பழைய மெசேஜைத் தேடி அவனுடைய எண்ணை எடுத்தேன். தமிழ், திருவண்ணாமலை மாவட்டம், இந்த எண், நல்ல தரம் என்று எழுதிக் கேட்டேன். ஒன்றும் வரவில்லை. எண் தப்போ என்று சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. 'சனியனே, உனக்கு என்ன கேடு' என்று லேப்டாப்பைத் திட்டினேன். தரம் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு மறுபடி கேட்டேன். அப்போதும் வெறும் பக்கம்தான் வந்தது. ஆனால் கூடவே ஒரு டோக்கன் வந்திருந்தது. இன்னும் பக்கங்கள் இருக்கின்றன, இதைக் காட்டி வாங்கிக்கொள் என்று அதற்கு அர்த்தம். டோக்கன் தீரும்வரை விடாமல் கேட்கும்படி புரோகிராமை மாற்றினேன். வெறும் பக்கங்களாக வந்துகொண்டே இருந்து, ஒரு பக்கத்தில் அவனுடைய எண் வந்தது. இடமும் அதற்கு நேரே தெளிவாக இருந்தது. தரம் என்ற இடத்தில் மட்டும் 'நிராகரிக்கப்பட்டது' என்று போட்டிருந்தது.

எந்தப் புண்ணியவான் நிராகரித்தானோ, இருக்கட்டும், குரல் இருக்கிறதே! செருப்பைக்கூட மாற்றி மாட்டிக்கொண்டு நாலு வீடு தள்ளி இருந்த தம்பி வீட்டுக்கு ஓடினேன். மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். "கிடைச்சிட்டுதுடா!" என்று வாசலிலிருந்தே கத்தினேன். அவன் மனைவி கரண்டியைப் போட்டுவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, மெய்யாலுமா? அந்தப் பின்கட்டு ரூம்ல கதவ சாத்திகினு பேசிகினு இருந்தாரே, அதுவா?" என்று கேட்டாள். அதுவேதான் என்றேன். தம்பி சாப்பிட்ட கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். அப்புறம் இடது கையால் போனை எடுத்து டைப் அடித்து என்னிடம் காட்டினான்.

"மொத போன் மொதலாளிக்குதான் போடுவேன். ஆவணி வந்தா கடை முன்னாடி ஒக்கார வெய்யிங்கன்னு என் வாயாலயே கேக்கணும்" என்று இருந்தது.

நான் இன்னும் அந்த இடத்தைத் திறந்தே பார்க்கவில்லை. கேட்டலாக் சொன்னதை மட்டும் நம்பி ஓடி வந்திருந்தேன்.

வீட்டுக்குத் திரும்பி, அந்த இடத்தில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று வந்தது. மறுபடி கேட்டேன். ஒன்றுமில்லை. டோக்கனும் இல்லை, அடுத்த பக்கமும் இல்லை. அதைத் திறக்க எனக்கு அனுமதி இல்லாத கோளாறாக இருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

லீடரைக் கூப்பிட்டேன். அவர் தன் பக்கத்திலிருந்தும் பார்த்தார். நிராகரித்த பதிவுகளை மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, பேசியவர்களுக்கு அப்படி வாக்குக் கொடுத்துத்தான் வாங்குகிறோம், அதனால் தானாகவே அழிந்துவிடும் என்றார். பதிவு அழிந்தது கேட்டலாக்குக்குத் தெரியாது. அது பாட்டுக்கு இருக்கிறது, இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. "வேற எங்கயாவது காப்பி இருக்குமே சார்?" என்று கெஞ்சினேன். வேண்டாம் என்று ஒதுக்கியதற்கு யாரும் காப்பி எடுக்கவில்லை. இருந்தாலும் அவர் அன்றைக்கு முழுவதும் தன் வேலையைப் போட்டுவிட்டு இன்னும் மூன்று இடங்களில் தேடினார். அதற்கு அவர் காலில் விழுந்து கும்பிடலாம். எங்கேயும் இல்லை.

"எதுக்குதான் சார் நிராகரிச்சாங்க? அவன் மாதிரி திருத்தமா பேச ஆள் ஏது?" என்று அழுகையும் ஆத்திரமுமாகக் கேட்டேன்.

"காரணம் மட்டும் தனியா இருக்கு மேடம். பின்னணியில விடாத மிஷின் சத்தம்னு போட்டிருக்கு. உங்க தெருவுல பேசினவங்க எல்லாருக்குமே அதேதான்."

"என்ன சார் அநியாயம் இது! பின்கட்டு ரூம், கதவு, ஜன்னல் எல்லாம் மூடி இருந்தது. நானே கூட இருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. சுற்றிலும் அமைதியா இருக்கான்னு ஆப் கேட்டதுக்கு, ஆமான்னு டிக் போட்டதே நான்தான்."

அவர் தயங்கினார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இப்பக்கூட உங்க பின்னாடி கேக்குதே. நான் ரொம்ப நாளா உங்க வீட்டாண்ட ரைஸ் மில் இருக்குன்னு நெனச்சிட்டிருந்தேன்."

நான் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், கேட்கவில்லை. அப்புறம் கேட்டது. பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்த வீட்டில் இன்னொன்று. எதிர்ச் சாரியில் கைத்தறி. நான் பிறந்ததிலிருந்து ஓடுகிறது. கரண்ட் போனால்தான் எங்கள் தெருக் குழந்தைகள் திடுக்கிட்டு எழுந்து அழும். எங்களுக்கு அதுதான் அமைதி. தெருவே மனசாட்சிப்படி 'ஆம், அமைதியாக இருக்கிறது' என்று டிக் போட்டிருக்கிறது.

அந்தச் சத்தத்தோடு கிடைத்திருந்தாலும் போதும், அத்தனை நீளப் பதிவில் சத்தத்தை ஓரளவு பிரித்து எடுத்துவிட்டுக் குரலை மீட்டிருக்கலாம் என்று லீடர் சொன்னார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு மனசு இன்னும் எரிந்தது. யாரைத் திட்டுவது? விதியை வைத்தவர்கள் நியாயமாகத்தான் வைத்தார்கள். மிஷின் சத்தம் என்று எழுதியது பொய் இல்லை. டிக் போட்ட நானும் பொய் சொல்லவில்லை. திட்ட ஒரு ஆள் கிடைத்திருந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

மறுநாள் காலையில் அவன் கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் போனேன். நல்ல சட்டை போட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கி, ஆச்சா என்று சைகையில் கேட்டான். எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவன் மனைவி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "நேத்து இருக்குதுன்னு சொன்னியே அண்ணி" என்றாள்.

தம்பி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். டைப் அடித்து என்னிடம் நீட்டினான்.

"இன்னா சத்தம்கா? அங்க ஏது சத்தம்?"

பின்கட்டுச் சுவரைக் கை காட்டினேன். அவன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். என் முகத்தைப் பார்த்தான். மறுபடி கேட்டான். உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினான். அவனுக்குக் கேட்கவில்லை. நானும் அதற்கு மேல் காட்டவில்லை. அவன் நல்ல சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மடிக்கப் போகும்போது போடுகிற பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

ஆவணி வந்தது. கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். முன்னால் வேறு ஒரு பையனை உட்கார வைத்திருந்தார்கள். நன்றாகத்தான் பேசினான். என் தம்பி பின்னால் தலையைத் தூக்காமல் மடித்துக்கொண்டிருந்தான். இப்போதும் அப்படித்தான். நானும் வேறு வேறு வழி தேடிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. கேட்டலாக்கில் அவனுடைய எண்ணை எடுத்துவிடலாமா என்று லீடர் கேட்டபோது, எடுத்துவிடுங்கள் சார் என்றேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

போன மாதம் அவன் மனைவி கொடியில் துணி உலர்த்திக்கொண்டே, "அண்ணி, அவரு என்னைக் கூப்புடறது எப்புடி இருக்கும்? ஒரு தபா செஞ்சு காட்டேன்" என்று கேட்டாள். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது என்று நினைத்து வாயைத் திறந்தேன். வந்தது என் குரல். வாட்ஸ்அப்பில் இருக்கிற 'சரிக்கா' எனக்குச் சொன்னது, அவளைக் கூப்பிடுவது அதில் இல்லை. எத்தனையோ பேருடைய குரலைத் தேடி எடுத்துக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறேன், என் தம்பியின் குரல் எனக்குள்ளே நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டு வருகிறது, அதை எங்கே போய்க் கேட்பது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.