சரசு எடுத்த ஆரத்தி

சரசுவின் நெற்றிக்கு நேரே வந்த ருக்கையாவின் விரல் பாதியில் நின்றது. விரல் நுனியில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது.

"வைக்கட்டுமாக்கா?"

எத்தனையோ வருடங்களாக சரசுவுக்கு ஒப்பனை செய்பவள் ருக்கையா. ஒரு நாளும் இப்படிக் கேட்டதில்லை.

"சீன்ல நான் கல்யாணப் பொண்ணோட அம்மா. புருஷன் பக்கத்துலயே நிக்கிறான். பொட்டில்லாம எப்படிப் போறது? வை லா."

ருக்கையா வைத்தாள். ஆனால் அந்தக் கேள்வி சரசுவின் மனதை விட்டுப் போகவில்லை.

சரசு நடிக்க வந்தபோது வயது இருபத்திரண்டு. தஞ்சோங் பகார் சமூக மன்றத்து மேடை நாடகத்தில் அவளைப் பார்த்துவிட்டுத்தான் தொலைக்காட்சிக்குக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்களே, "முகம் நல்லா இருக்கு, கலர்தான் கொஞ்சம்…" என்று இழுத்தார்கள். அந்த இழுவையில் ஒரு நடிகையின் முப்பது வருடம் போய்விட்டது. அவளுக்குக் காதலிக்கும் வேடம் ஒன்றுகூட வரவில்லை. முப்பது வயது முடியும் முன்னே அம்மாவாக்கினார்கள். மகனாக நடித்தவன் அவளைவிட நான்கு வயது இளையவன். கறுப்பு அம்மாவுக்கு ஒவ்வொரு நாடகத்திலும் வெளுத்த பெண் பிறக்கும் அதிசயத்தை எந்த விஞ்ஞானியும் இன்னும் விளக்கவில்லை. கேட்கத்தான் யாருமில்லை.

நடிப்பு சோறு போடாது என்று தெரிந்து, மார்சிலிங்கில் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தாள். படப்பிடிப்பு வந்தால் விடுப்பு. அவளுக்கு வந்த அம்மா வேடங்களில் பாதி விதவைகள். பொட்டை அழிப்பார்கள், வளையலை உடைப்பார்கள், அவள் கதறுவாள். 'கட்' சொன்ன மறுநிமிடம் ருக்கையா ஓடிவந்து புதுப்பொட்டு வைத்து, தலையில் ஒரு முழம் மல்லிகை செருகுவாள். அப்புறம் கேமராவைப் பார்த்து சரசு ஒரு தடவை சிரித்தாக வேண்டும். அந்தச் சிரிப்பையும் பதிவு செய்வார்கள். சும்மா அழுத அழுகை நிஜமாகிவிடக் கூடாதாம். எந்த நாடகத்திலும் வராத அந்தச் சிரிப்புகளை ஒட்டினாலே ஒரு படம் தேறும்.

அவள் கணவர் கதிரேசன் பேருந்து ஓட்டினார். நாடகம் வரும் இரவுகளில் சோபாவில் சாய்ந்துகொண்டு கேட்பார்: "என்ன சரசு, இந்த வாரமும் நான் செத்துட்டேனா?"

"அடுத்த வாரம் லா. இப்ப ஆஸ்பத்திரியிலதான் இருக்கீங்க."

"அப்ப ஒரு வாரம் டைம் இருக்கு. காப்பி போடு."

இந்த மார்ச் மாதம், பேருந்துப் பணிமனையின் ஓய்வறையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் இறந்துபோனார். மாரடைப்பு. அத்தனை சிரிப்பும் ஒரு அடைப்பை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பெண்கள் அவள் நெற்றியைப் பார்த்துப் பார்த்துப் பேசினார்கள். சரசு பொட்டு வைப்பதை விட்டாள். நம்பிக்கையினால் அல்ல. எதற்கு வம்பு என்றுதான்.

ஐந்து மாதம் கழித்து அருண்ராஜ் வந்தான். இளம் இயக்குநர். தீபாவளிக்கு ஒரு டெலிமூவி எழுதியிருந்தான். "அம்மாதான் ஹீரோயின். உங்களுக்காகவே எழுதினேன் சரசக்கா" என்றான். முப்பது வருடத்தில் முதல் தடவை, கதை அவள் முகத்தில் தொடங்கி அவள் முகத்தில் முடிந்தது. மகளும் மருமகனும் மணக்கோலத்தில் வர, அம்மா ஆரத்தி எடுக்கிறாள்: முதல் காட்சி.

பிடோக்கில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். திருஷ்டிப் பூசணிக்காய் ஒரு பெரிய குப்பைப் பைக்குள் தயாராக இருந்தது. தெருவில் உடைத்தால் அபராதம் என்பதால் இந்த ஊரில் கண்ணேறு பிளாஸ்டிக் பைக்குள்தான் கழிகிறது.

தட்டைக் கையில் எடுக்கப் போனவளைத் தயாரிப்பாளர் முத்துசாமி ஓரமாகக் கூப்பிட்டார்.

"சரசு, தப்பா நெனைக்காதே. முதல் ஷாட்டு. மங்கலமா இருக்கட்டும்னு… ஆரத்தியை மட்டும் சித்தியா நடிக்கிறவங்க எடுக்கட்டும். நீ பின்னால நின்னாப் போதும்."

"ஏன்ணே?"

"உனக்குத் தெரியாதா? எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்லம்மா. மத்தவங்க மனசு…"

இன்று ஆரத்தி. நாளை தாலிக்குத் தங்கம் எடுக்கும் காட்சி. மறுநாள் சீமந்தம். ஒவ்வொன்றிலும் பின்னால் நின்றால், படம் முடியும்போது அம்மா எங்கே இருப்பாள்? அருண்ராஜைப் பார்த்தாள். அவன் கைப்பேசியில் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"யாருண்ணே அந்த மத்தவங்க?"

"வித்யாதான். கல்யாணப் பொண்ணா வர்ற புள்ள. அது ஏதாச்சும் நெனச்சுக்கும்."

சரசு நேரே வித்யாவிடம் போனாள். பட்டுப்புடவையில் மின்விசிறி முன் உட்கார்ந்திருந்த வித்யா விழித்தாள். "ஐயோ ஆன்ட்டி, எனக்கு ஒன்னும் இல்ல. ஐ டோன்ட் கேர். கேமராமேன் அங்கிள்தான் ஃபர்ஸ்ட் ஷாட்டுன்னா ரொம்ப சகுனம் பார்ப்பாருன்னு சொன்னாங்க."

கேமராவுக்குப் பின்னால் முகம்மது யூசுப் இருந்தார்.

"நானா? எனக்குக் குடிக்க சூடா ஒரு தே தாரிக் கிடைச்சாப் போதும் லா. இந்த எலுமிச்சம்பழத்தைக்கூட முத்துசாமி அண்ணனுக்காகத்தான் கேமராவுல கட்டி வச்சிருக்கேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முத்துசாமி மட்டும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

இதுதான் நம் ஊர் மூடநம்பிக்கையின் முழு உருவம். நம்புகிறவர் ஒருவரும் இல்லை. எல்லாரும் அடுத்தவருக்காகக் கீழ்ப்படிகிறார்கள். ஒரு பெண்ணைப் பின்னால் தள்ளுவதற்கு ஆளே தேவையில்லை, 'மற்றவர்கள்' என்ற சொல் போதும். அந்த வரிசையில் தானும் ஐந்து மாதமாக நின்றதை சரசு அப்போதுதான் கண்டாள். காலையில் கண்ணாடி முன் வெறும் நெற்றியோடு நின்றதும் யாரோ மற்றவர்களுக்காகத்தானே?

திரும்பி வந்தாள்.

"அண்ணே, எல்லாரையும் கேட்டுட்டேன். மிச்சம் நீங்கதான். உங்களுக்குத்தான் நம்பிக்கை இல்லையே."

முத்துசாமி கைக்குட்டையை மடித்து மடித்துப் பையில் வைத்தார். சரசு விடவில்லை.

"திரையில எத்தனை தடவை என் தாலியை அறுத்திருக்கீங்க! அப்பல்லாம் அவரு வீட்டுல காப்பி குடிச்சிக்கிட்டு இருந்தாரு. இப்ப நெஜமாவே போயிட்டாரு, இந்தக் கதையிலயாவது அவரு உசிரோட இருக்காரு. அதையும் புடுங்காதீங்க. நான் எடுக்கலைன்னா அந்த வேஷத்தையே வேற ஆளுக்குக் கொடுத்துடுங்க. பின்னால நிக்க நான் வரல."

அருண்ராஜ் கைப்பேசியைப் பையில் போட்டான். தாமதமாகத்தான், ஆனால் போட்டான். "அம்மா கேரக்டர்தான் எடுக்கணும் சார். ஸ்கிரிப்ட்ல அப்படித்தான் இருக்கு."

முத்துசாமி பெருமூச்சு விட்டார். "சரி சரி, எடு. எனக்கென்ன? பூசணிக்காய் மட்டும் இன்னும் பெருசா ஒன்னு வாங்கிட்டு வாங்கப்பா."

சரசு தட்டை எடுத்தாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்பு நீர் தளும்பாமல் சுற்றி வந்தது. மகளைப் பார்த்த அந்தத் தாய் முகத்தில் பெருமையும் பிரிவும் ஒன்றாக ஏறின. ஒரே டேக். யூசுப் மானிட்டரையே பார்த்துக்கொண்டு, "இந்த மூஞ்சியை இவ்வளவு நாளு ஓரத்துல வச்சு எடுத்திருக்கோம்" என்றார்.

மாலையில் ருக்கையா ஈரத் துணியோடு வந்தாள். கன்னத்துப் பூச்சு போயிற்று, உதட்டுச் சாயம் போயிற்று. நெற்றிக்கு வந்தபோது சரசு அவள் கையைப் பிடித்தாள்.

"அது இருக்கட்டும்."

ருக்கையா ஈரத் துணியை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

மார்சிலிங்கில் மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது மேல்மாடிப் பெண் ஒருத்தி காய்கறிப் பையோடு வந்து சேர்ந்தாள். மார்ச் மாதம் வீட்டுக்கு வந்து அழுதவள். சரசுவின் நெற்றியைப் பார்த்தாள், வேறெங்கோ பார்த்தாள், மறுபடியும் நெற்றிக்கே வந்தாள். பிறகு முகம் தெளிந்தது.

"ஓ… ஷூட்டிங்கா சரசு?"

ஆமாம் என்று சொன்னால் போதும்.

"ஷூட்டிங் அப்பவே முடிஞ்சிருச்சுக்கா" என்று சொல்லிவிட்டு, திறந்த மின்தூக்கிக்குள் சரசு முதலில் நுழைந்தாள்.