வால்காரியின் இரண்டாவது வால்நட்சத்திரம்

வான் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலேயே அவள் ஊர் உலகத்தை ஏமாற்றிவிட்டாள். வேண்டுமென்று செய்யவில்லை. தொலைநோக்கியின் கேமரா எடுத்த படங்களில் பஞ்சுத் துணுக்கு போல ஒரு மங்கல் தெரிந்தது. அடுத்தடுத்த படங்களில் அது நகர்ந்தும் இருந்தது. வால்நட்சத்திரம்தான் என்று, யாரையும் கேட்காமல் செய்தி அனுப்பிவிட்டாள். பல நாட்டு ஆய்வகங்கள் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு அந்தத் திசையில் தேடின. ஒன்றும் இல்லை. பக்கத்திலிருந்த பிரகாசமான நட்சத்திரத்தின் ஒளி தொலைநோக்கிக் கண்ணாடிகளுக்குள் பட்டுத் திரும்பி, இல்லாததை இருப்பதாகக் காட்டியிருந்தது.

அன்றிலிருந்து அவளுக்கு ‘வால்காரி’ என்று பெயர்.

இயக்குநர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. “இனிமே எதை அனுப்புறதா இருந்தாலும் என் கண்ணுல காட்டிட்டு அனுப்பும்மா” என்று மெதுவாகச் சொன்னார். அதுதான் சுருக்கென்று தைத்தது.

கல்லூரியில் பாடம் நடத்தும் வேலை தேடி வந்தது. அவள் போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சிறுகோள்களைத் தேடத் தொடங்கினாள். பகலில் திரை போட்ட அறையில் உட்கார்ந்து, வானத்தின் ஒரே துண்டை இடைவெளி விட்டு எடுத்த மூன்று படங்களை மாற்றி மாற்றிப் பார்ப்பாள். நட்சத்திரங்கள் அசையாது. எங்காவது ஒரு புள்ளி மட்டும், குழுப் புகைப்படத்தில் அடங்காத பிள்ளை போல, இடம் மாறும். அப்படிப் பல சிறுகோள்களைப் பிடித்தாள். “கல்லு பொறுக்குறதுக்கா அக்கா இவ்வளவு படிச்ச?” என்று தம்பி கேட்பான். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

ஆனால் மங்கலாக எது தெரிந்தாலும் அவள் கை தானாக அடுத்த படத்துக்குப் போய்விடும். அப்படித் தள்ளிவிட்ட ஒன்றை வேறொருவர் வால்நட்சத்திரம் என்று அறிவித்தபோது அவளுக்குத் தூக்கம் போயிற்று. ஏமாந்ததைவிடப் பயந்ததுதான் பெரிய அவமானமாகப் பட்டது. இனி ஒன்று கண்ணில் பட்டால் ஓடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

பட்டது. முந்தின நாள் அந்தியில், மேற்கே அடிவானத்தை ஒட்டி எடுத்த படங்களில் அதே பஞ்சுத் துணுக்கு. பக்கத்திலேயே ஒரு பிரகாசமான நட்சத்திரம். அன்று இருட்டத் தொடங்கியதுமே பார்த்தாக வேண்டும், தாமதித்தால் அது மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். மறுநாளிலிருந்து மழை என்று வேறு சொல்லியிருந்தார்கள்.

அன்று பார்த்துப் பொதுமக்கள் வரும் நாள். வியாழன் கோளைப் பார்க்க வாசல்வரை வரிசை நின்றது. கேமராவைக் கழற்றிவிட்டுக் கண்வைத்துப் பார்க்கும் குழாயை மாட்டியிருந்தார்கள்.

“அண்ணே, கேமராவை மறுபடி மாட்டணும்” என்றாள் மெக்கானிக்கிடம்.

“இப்பதானே கழட்டினேன். எதுக்கு?”

“வால் ஒண்ணு.”

“ஐயோ தாயே. போன தடவை உன் வாலைத் தேடி அத்தனை கண்ணாடியும் நான்தான் தொடைச்சேன்.”

“இந்தத் தடவையும் அப்படின்னா நானே தொடைக்கிறேண்ணே.”

இயக்குநர் வரிசையைக் காட்டினார். “இவங்களுக்கு என்னம்மா சொல்றது?”

“நானே சொல்லிக்கிறேன் சார்.”

வரிசையின் முன்னால் போய் நின்றாள். “வால்நட்சத்திரம் ஒண்ணு பாத்ததா நினைக்கிறேன். முன்னாடி ஒரு தடவை இப்படித்தான் நினைச்சு ஏமாந்தேன். இப்ப சரிபாக்கலன்னா அது மறைஞ்சிடும். கொஞ்ச நேரம் மட்டும் குடுங்க.”

“ரெண்டு பஸ் மாறி வந்திருக்கோம்” என்று ஒருவர் முணுமுணுத்தார்.

தோளில் குழந்தையோடு நின்ற பெண் அவரைத் திரும்பிப் பார்த்தாள். “வியாழன் எங்க ஓடிடப் போகுது? நீ போம்மா. என்ன ஆச்சுன்னு மட்டும் வந்து சொல்லிடு.”

கேமராவை மாட்டி எடுத்த முதல் படத்தில் மங்கல் இருந்தது. தொலைநோக்கியைக் கொஞ்சம் நகர்த்தி, அந்தப் பிரகாசமான நட்சத்திரத்தைப் படத்தின் மறுபக்கத்துக்குக் கொண்டுபோனாள். பிரதிபலிப்பாக இருந்தால் மங்கலும் எதிர்ப்பக்கம் தாவ வேண்டும். அது தன்னைச் சுற்றியிருந்த நட்சத்திரங்களை விட்டு நகரவில்லை. பிரகாசமான நட்சத்திரத்தைப் படத்துக்கு வெளியிலேயே தள்ளிப் பார்த்தாள். அப்போதும் இருந்தது. கேமராவின் கோளாறோ என்று பார்க்க, அதைச் சுழற்றி மாட்டச் சொன்னாள். மெக்கானிக் மறுபேச்சில்லாமல் மாட்டினார். இருந்தது. நேற்று நின்ற இடத்திலிருந்து நூல் பிடித்தாற்போல நேராக விலகியும் வந்திருந்தது.

“அப்புறம் என்ன, அனுப்ப வேண்டியதுதானே?” என்றார் இயக்குநர்.

“இன்னும் ஒரு படம் சார்.”

மங்கல் மலையைத் தொடும்போது கடைசிப் படம் வந்தது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “இது தப்புன்னு காட்ட எனக்குத் தெரிஞ்ச எல்லா வழியும் பாத்துட்டேன் சார். முடியல.”

அவர் திரையைக்கூடப் பார்க்கவில்லை. “அப்ப அனுப்பு. இனிமே என்கிட்ட காட்டணும்னு இல்ல.” அனுப்பிவிட்டு, வரிசையில் காத்திருந்தவர்களிடம் சொல்லப் போனாள்.

மறுநாள் மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது பதில் வந்தது. மற்ற ஆய்வகங்களும் அதைப் பார்த்துவிட்டன. குட்டையாக வாலும் தெரிகிறதாம். ஆனால் அவள் சோதித்துக்கொண்டிருந்த நேரத்தில் வேறொரு நாட்டுக்காரர் செய்தி அனுப்பி முந்திவிட்டார். வால்நட்சத்திரத்துக்கு அவர் பெயர் முதலில், அவள் பெயர் இரண்டாவது.

தம்பிக்கு மனசே ஆறவில்லை. “பாத்த உடனே அனுப்பியிருந்தா நீதானே அக்கா முதல்ல வந்திருப்ப?” என்று போனில் குமுறினான்.

“போன தடவை நான்தான்டா முதல்ல வந்தேன்” என்றாள் அவள். பிறகு, பார்க்காமல் கிடந்த மற்றப் படங்களைத் திறந்தாள்.