கருவேல முள்ளும் கருநீல வண்டியும்

பிக்கப் வண்டி வாங்கப் போனபோது இன்ஜினைவிட நிறத்தைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். கடைசியில் கருநீலம் எடுத்தேன். பெயின்ட் கெடாமல் இருக்க திண்டுக்கல்லிலேயே கோட்டிங்கும் போட்டேன்.

மறுவாரம் காலையில் வடமதுரைப் பக்கம் தேங்காய் ஏற்றப் போனேன். ரோட்டில் ஒரு பெண் கையை ஆட்டி மறித்தார்.

"பூப்பறிக்கையில எங்க வீட்டுக்காரரப் பாம்பு கடிச்சிருச்சுண்ணே. தோட்டத்துல கெடக்காரு."

அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் வண்டியைத் திருப்பினேன். தோட்டத்துப் பாதை குறுகல், இருபுறமும் சீமைக்கருவேல முள். என்னையறியாமல் பிரேக்கை மிதித்தேன். உடனே அவர் குதித்து இறங்கி, முன்னால் ஓடி, முள்கிளைகளை வெறுங்கையால் வளைத்துப் பிடித்தார்.

"வாங்கண்ணே. புது வண்டி, கோடு விழாம நான் பாத்துக்கிறேன்."

அவர் உள்ளங்கையில் ரத்தம் வழிந்தது.

"கோடு விழுந்தா விழுகட்டும் தாயி, மொதல்ல ஏறு!" என்று கத்தினேன்.

முள் இருபக்கமும் கீறிய சத்தத்தோடு உள்ளே போய், அந்த மனிதரைத் தூக்கிவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைத்துக்கொண்டார்.

பாலிஷ் போட்டதில் கோடுகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. புருஷன் உயிருக்குப் போராடும் நேரத்தில் அந்தப் பெண்ணை என் பெயின்ட்டுக்காகக் கவலைப்பட வைத்தேனே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.